வலைக்குண்டு ஈயம், பிள்ளைகளின் இரத்தம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்து அம்மா:
எங்கள் வீட்டில் வலைக்கு ஈயக்குண்டு கடையில் வாங்குவதில்லை. பழைய ஈயத்தைச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி ஆம்பளைகளே செய்துகொள்வார்கள். எல்லாம் வீட்டு முற்றத்தில்தான். சின்னவனுக்கு மூன்று வயது. வலைக்குவியல் மேலேயே கிடப்பான், குண்டை எடுத்துச் சப்புவான். இரத்தசோகை என்று மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "அப்பா என்ன தொழில்?" சொன்னதும் இரத்தத்தில் ஈயம் பார்க்க எழுதிக்கொடுத்தார். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடுமாம். அதனால் கை நரம்பில் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் வந்தது. அமெரிக்காவில் 2021 முதல் 3.5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு.

ஈயத்தை எடுக்க மருந்து தரவில்லை, இந்த அளவுக்கு அது தேவையில்லையாம். இரும்புச்சத்து டானிக் மட்டும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடம்பு நாலைந்து மடங்கு இழுத்துக்கொள்ளும், இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் கூடும் என்றார். இப்போது உருக்குவது பிள்ளைகள் வராத இடத்தில். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்கிறேன். தரையைக் கூட்டுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறேன். "எங்க அப்பன் காலத்துல இருந்து உருக்குறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று மாமனார் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அப்போது யாருக்கும் அளந்து பார்க்கவில்லையே, மாமா!

கீழக்கரை லாத்தா:
எங்கள் பக்கம் சுர்மா. வெளிநாட்டிலிருந்து வந்த டப்பா, உம்மம்மா பிள்ளைக்குக் கண்ணில் இட்டுவிடுவார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். பல சுர்மாவில் ஈய சல்பைடுதான் கறுப்பே. பிள்ளை கண்ணைக் கசக்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். எங்கள் டாக்டரும் இதைத்தான் முதலில் விசாரித்தார். உம்மம்மாவிடம் சண்டை போடவில்லை, டப்பாவை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டேன்.

சாயல்குடி வாத்தியார்:
ஈயத்துக்கு இரத்தம் சரி. எங்கள் ஊர்ப் பிரச்சினை வேறு. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், காற்று திரும்பினால் புகை வீட்டுக்குள். இந்தப் புகைச் சேர்மங்களை இரத்தத்தில் தேடிப் பயனில்லை, உடம்பு அவற்றைச் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும். சிறுநீரில் பார்ப்பார்கள். இன்னொரு வழி சிலிகோன் கைப்பட்டை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பிள்ளை ஒரு வாரம் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிந்தால் போதும், புகை, பூச்சிமருந்து, மெத்தையில் சேர்க்கும் தீத்தடுப்பு ரசாயனம் எல்லாம் அதில் ஊறிவிடும். ஊசி கிடையாது. ஆனால் ஈயம் அதில் தெரியாது. நம் ஊர் லேபில் கேட்டால் கிடைக்காது, ஆராய்ச்சிக்குத்தான். அதனால் "எல்லா நச்சுக்கும் ஒரே டெஸ்ட்" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

தொண்டிக்காரர்:
வாத்தியாரே, அப்போ பாதரசம்? மனைவிக்குப் பிரசவமாகி இருக்கிறது. பால் ஊறும் என்று மாமியார் சுறாப்புட்டைத் தவிர வேறெதுவும் தருவதில்லை.

சாயல்குடி வாத்தியார்:
தம்பி, பெரிய சுறா மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வது, பாதரசம் அதில்தான் அதிகம் சேரும். சூடை, காரல், நெத்திலியில் மிகக் குறைவு, தாராளமாகச் சாப்பிடலாம். மீனையே நிறுத்திவிடாதீர்கள், குழந்தைக்கு அது தேவை. சந்தேகம் இருந்தால் முடியில் பார்க்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், வேர்ப்பக்கத்து மூன்று சென்டிமீட்டர் கடைசி மூன்று மாதக் கணக்கைச் சொல்லும்.

தங்கச்சிமடத்து அம்மா:
அண்ணே, சின்னவனுக்கு மறுபடி எப்போது பார்ப்பது? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சாயல்குடி வாத்தியார்:
டாக்டரிடம் கேளுங்கள் அக்கா, பெரும்பாலும் மூன்று மாதம் என்பார்கள். இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறையவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், எலும்பில் போய்ச் சேர்ந்தது பல வருஷம் இருக்கும். மூத்த பிள்ளைக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், அதே முற்றத்தில்தானே வளர்ந்தது.