‘எம்பெடட்னெஸ்’: பதிவா, பொதிவா, தோய்வா?

மார்த்தாண்டத்திலிருந்து, கல்லூரி ஆசிரியை:

அன்பர்களே, முதுகலைப் பொருளியல் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பொருளியல் வரலாற்று அறிஞர் கார்ல் பொலானி 1944-இல் எழுதிய நூலிலும், சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1985-இல் எழுதிய கட்டுரையிலும் வரும் ‘எம்பெடட்னெஸ்’ என்பதற்குச் சொல் வேண்டும். வாங்குவதும் விற்பதும் உறவு, ஊர், சமயம், நம்பிக்கை இவற்றுக்குள்தான் நடக்கின்றன என்பது கருத்து. ‘சமூகப் பதிவு’ என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் பத்திரப் பதிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பதிவை அவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள். ‘பதியெழு வறியாப் பழங்குடி’ என்கிறது சிலம்பு. பதி என்றால் ஊர், உறைவிடம். அய்யாவழித் தலமான சாமித்தோப்புப் பதியை அறியாதவர் நம் மாவட்டத்தில் உண்டா? பதிவு குழப்பினால் ‘பதிகை’ என்று வையுங்கள். பொதியில் என்பதையும் பாருங்கள்: ஊர் கூடும் மன்றம். பொது, பொதி, பொதியில் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து, மென்பொருள் பணியாளர்:

ஐயா, வேர் ஆராய்ச்சி அப்புறம் இருக்கட்டும். கணினித் தமிழில் ‘உட்பொதிந்த’ என்று ஏற்கெனவே வழங்குகிறது. ‘உட்பொதிவு’ போதும்.

குளச்சலிலிருந்து, மீனவர் சங்கப் பணியாளர்:

உட்பொதிவை என்னால் ஏற்க முடியவில்லை. பொதிச்சோற்றில் இலையைப் பிரித்தாலும் சோறு சோறுதான். எங்கள் கரையில் அப்படிப் பிரிக்க முடியுமா? வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடமேதான் கொடுத்தாக வேண்டும், வெளியே விலை கூடக் கிடைத்தாலும். கரையில் நின்று பலர் கூடி இழுக்கும் கரமடி வலை இழுத்தால் ஆளுக்கொரு பங்கு. மீனில் கோயிலுக்கும், அதாவது தேவாலயத்துக்கும், ஒரு பங்கு பிரிப்பது உண்டு. அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்களுக்கும் ‘பங்கு மக்கள்’ என்றே பெயர். இதில் எது பொருளாதாரம், எது சமூகம்? கிரானோவெட்டரும் இதைத்தான் கேட்கிறார்: மனிதரை உறவே இல்லாத தனியாளாகவும் பார்க்காதே, வழக்கத்துக்கு அப்படியே கட்டுப்பட்டவராகவும் பார்க்காதே, அவருக்கு இன்று யாரோடு என்ன உறவு என்று பார். எனவே ‘தோய்வு’ என்பேன்.

நாகர்கோவில்:

தோய்வு நல்ல தமிழ். ஆனால் ‘பொருளாதாரத் தொய்வு’ என்று செய்தித்தாளில் வருகிறதே! அச்சில் ஓர் எழுத்து மாறினால் மந்தநிலை ஆகிவிடும்.

தக்கலை:

கலைச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் அமைய வேண்டும். நிலம், உழைப்பு, பணம் மூன்றையும் வெறும் சரக்காக்கி, சந்தையைச் சமூகத்திலிருந்து பிரித்தெடுக்க முயன்றார்கள், அதனால்தான் சீரழிவு வந்தது என்பது பொலானி வாதம். ‘பொதிநீக்கம்’ அதற்குப் பொருந்தும். தோய்வுக்கு எதிர்ச்சொல் என்ன?

குளச்சல்:

முழுமையாகப் பிரிக்கவே முடியாது என்பதும் பொலானி சொன்னதுதானே? நீக்க முடியாததற்கு நீக்கம் என்று பெயர் வைத்தால், முடியும் என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள்.

மார்த்தாண்டம்:

உட்பொதிவு ஏற்கெனவே வழங்கும் சொல்லை ஒட்டியது. நேரமில்லை, அதையே போடுகிறேன். கிரானோவெட்டர் பகுதியில் ‘உறவுத்தோய்வு’ என்பதையும் பக்கத்தில் தருகிறேன். மெய்ப்பு பார்ப்பவரிடம் ‘தோ’ நெடில் என்று சொல்லிவிட்டேன்.

குளச்சல்:

சரி அம்மா. பொலானி பகுதியில் உட்பொதிவு வருவதற்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம்.

நாகர்கோவில்:

பதிகையையும் அப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.