குகையில் மண்ணடுக்கு கலைந்திருந்தால் எந்தத் தேதியை நம்புவது?

தொல்லியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும். குகை அகழாய்வுகளில் காலக்கணிப்பு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது, சரி. ஆனால் எலி வளை தோண்டுகிறது, கழுதைப்புலி கிளறுகிறது, நீர் ஒரு பகுதியை அரித்துக்கொண்டு போகிறது. தேதி கணிக்கப் பயன்படும் கடுகளவு கரித்துண்டு ஒன்று வளை வழியாகக் கீழே இறங்கினாலே கணக்கு குழம்பிவிடும்.

இந்தோனேசியாவின் லியாங் புவா குகையையே பாருங்கள். அங்கே கிடைத்த குள்ள மனிதர்களின் எலும்புகளுக்கு 2004இல், அருகில் கிடந்த கரித்துண்டுகளை வைத்து, சுமார் 18,000 ஆண்டு என்றார்கள். பழைய மண் அரிக்கப்பட்டு, அந்தச் சரிவின் மேல் புது மண் படிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2016இல் எலும்புகளின் வயது 60,000 முதல் 1,00,000 ஆண்டு வரை என்று மாறியது. கரித்துண்டுகளின் தேதி சரிதான், அவை கிடந்த மண்தான் வேறு!

அகழாய்வுக் குழியின் சுவரைப் பார்த்தே கலைந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? இல்லை, மண்ணைப் பிசினில் இறுகவைத்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியுமா? வெவ்வேறு அடுக்குகளில் கிடைத்த கல் சில்லுகள், ஒரே கல்லிலிருந்து உடைந்தவையாக ஒன்றோடொன்று பொருந்தினால், அடுக்கு கலைந்துவிட்டது என்று சொல்லாமல் எவ்வளவு இடைவெளி வரை பொறுத்துக்கொள்வீர்கள்? அப்புறம், மணல் துகள்கள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று ஒவ்வொன்றாக அளக்கும் ஒளிவழிக் கணிப்பில் வயதுகள் சிதறி வந்தால் எதை விலக்குவீர்கள்? களத்தில் வேலை செய்தவர்கள் பதில் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.