முதியோர் இல்லத்தில் பெரியவர்கள் கை வைத்து வேலை செய்ய ஒரு தோட்டம்: அளவுகள் சொல்லுங்கள்

சிப்புட்_செல்வி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். மொத்தம் 18 பேர். பெரும்பாலும் எஸ்டேட் தோட்டத்து ஆட்கள். ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டினார்கள், செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார்கள். இப்போது 6 பேர் சக்கர நாற்காலியில். 3 பேருக்கு மறதி நோய். மற்றவர்கள் வாக்கரோ கைத்தடியோ வைத்து மெதுவாக நடப்பார்கள்.

கட்டடத்துக்குப் பின்னால் 40 அடிக்கு 25 அடி இடம் சும்மா கிடக்கிறது. நல்ல மனசுள்ள ஒருவர் தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று வரைபடம் கொடுத்திருக்கிறார். முழுக்கப் புல்தரை, நடுவில் நீரூற்று, சரளைக்கல் பாதை, ஓரமாகப் பூச்செடிகள். புல்லிலும் சரளையிலும் சக்கரம் நகராது. அதைவிட எனக்கு மனசு ஒப்பாத விஷயம், பெரியவர்கள் அங்கே போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இவர்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் வெண்டை, கத்தரி, பயற்றங்காய் என்று போட்டவர்கள். எங்கள் பாட்டி ஒருவர் நாள் முழுக்க வாய் திறக்க மாட்டார். முன்னால் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்தால் கை தானாக உருவ ஆரம்பித்துவிடும், அப்புறம் பேச்சும் வரும். அந்தக் கைகளுக்கு எட்டுகிற மாதிரி மண் வேண்டும்.

பாத்தி எவ்வளவு உயரம், பாதை எவ்வளவு அகலம், என்ன நடலாம்? கமிட்டி கூட்டத்தில் அளவோடு பேசினால்தான் எடுபடும்.

ஈப்போ_கொத்தனார்:

தங்கச்சி, சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். நான் கட்டட வேலைக்காரன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாதை 1.5 மீட்டர் அகலம் வையுங்கள். ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் சேர்ந்து போகலாம். நாற்காலி முழுசாகத் திரும்பவும் 1.5 மீட்டர் வட்டம் தேவை, அதனால் ஒவ்வொரு பாத்தி முன்னாலும் அந்த இடத்தை விடுங்கள். தரைக்கு சிமெண்டு போதும், ஆனால் ஈரம் காயுமுன் விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிடச் சொல்லுங்கள். வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மழைக்குப் பாசி பிடித்தால் அது ஆளை விழுத்தும். தண்ணீர் ஓட 50க்கு 1 சாய்வு பக்கவாட்டில் இருக்கட்டும்.

பின்வாசலில் படி இருக்கிறதா? சாய்தளம் 12க்கு 1 என்பதுதான் எல்லை. அதாவது அரை அடி இறங்க 6 அடி நீளம். இடம் இருந்தால் 20க்கு 1 போடுங்கள், அரை அடிக்கு 10 அடி வரும். தள்ளுகிற உங்கள் முதுகும் பிழைக்கும். கமிட்டியில் யாராவது கேட்டால் எம்எஸ் 1184 என்று மலேசியத் தர அளவீடு இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் உட்பட எல்லோரும் எளிதாகப் புழங்குகிற மாதிரி இடங்களை அமைக்க எழுதியது. அதைக் காட்டுங்கள்.

இனி பாத்தி. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் உள்ளே போக அடியில் 65 முதல் 70 செ.மீ. வெற்றிடம் வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி மண் போட்டால் விளிம்பு மார்புக்கு வந்துவிடும், கை எட்டாது. ஆகவே மேசை மாதிரிப் பாத்தியில் 15 செ.மீ. மண் மட்டும். கீரை, வல்லாரை, புதினா அதில் நன்றாக வரும். கத்தரி, மிளகாய்க்கு வேர் ஆழம் தேவை, அதை 60 செ.மீ. உயரத்தில் செங்கல் பாத்தியாகக் கட்டி, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி வேலை செய்யவிடலாம். நிற்க முடிந்தவர்களுக்கு 85, 90 செ.மீ., விளிம்பில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். ஒரு பக்கமிருந்து மட்டும் எட்டும் பாத்தி 60 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் 1.2 மீட்டர்.

கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் 6 பேரையும் அவரவர் நாற்காலியில் உட்காரவைத்து முழங்கால் உயரம், முழங்கை உயரம் அளந்து எழுதுங்கள். பழைய தோட்டத்துப் பாட்டிகள் பலர் சின்ன உருவம். என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

செலவு குறைய வேண்டுமானால் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, அடியில் ஓட்டை போட்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வையுங்கள். ரசாயனம் இருந்த பீப்பாய் வேண்டாம், சாப்பாட்டுப் பொருள் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

நர்ஸ்_குளுவாங்:

மறதி நோய் உள்ளவர்களுக்காகச் சிலது சேர்க்கிறேன். பாதை சுற்றி வந்து புறப்பட்ட கதவிலேயே சேரட்டும். முட்டுச்சந்தில் போய் நின்றால் அவர்களுக்குப் பதற்றம் வரும். தரை ஒரே நிறமாக இருக்கட்டும், நடுவில் கறுப்புக் கோடு போட்டால் சிலர் கண்ணுக்கு அது பள்ளம், காலை எடுத்து வைக்க மாட்டார்கள். இடையிடையே கைப்பிடி உள்ள பெஞ்சு போடுங்கள், கைப்பிடி இல்லையென்றால் எழுந்திருக்க முடியாது. கழிப்பறைக் கதவு தோட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

செடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாமிக்கு ஆகும் என்று அரளி கேட்பார்கள். செவ்வரளியும் சரி, மஞ்சள் அரளியும் சரி, இலை பூ விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கும் இடத்தில் அது ஆபத்து. மல்லிகை, துளசி, செம்பருத்தி, கற்பூரவல்லி, பாண்டான் வையுங்கள். கிள்ளி முகர்ந்தாலே ஞாபகம் வரும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி உண்டு. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களை முக்கியமாக அது கடுமையாகத் தாக்கும், உங்கள் இல்லத்தில் அப்படி எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கையுறை, மூடிய காலணி கட்டாயம். புண் இருந்தால் ஆறும்வரை மண் வேண்டாம், கீரை ஆயும் வேலை கொடுங்கள். நீரூற்றை விட்டுவிடுங்கள். மோட்டார் பழுதானால் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும்.

தாப்பா_மகன்:

என் அப்பாவும் ஒரு இல்லத்தில் இருக்கிறார், அதனால் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரட்டுக்கு (எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய உடம்பு இன்றும் விடியுமுன் எழுந்துவிடும். ஆனால் பல இல்லங்களில் கதவைத் திறப்பது பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு. வெளிச்சம் வந்ததும் திறந்து, ஒன்பதரைக்குள் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். குழாய் இடுப்பு உயரத்தில், திருகாமல் தட்டித் திறக்கும் பிடியோடு இருந்தால் அவர்களே ஊற்றுவார்கள். மற்றவர்கள் ஊற்றி அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்கள் வரைபடத்துப் புல்தரையேதான்.

சிப்புட்_செல்வி:

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாளைக் காலையிலேயே அளவெடுக்கிறேன். நீரூற்றுக்கான பணத்தைக் குழாய்க்கும் சாய்தளத்துக்கும் மாற்றிக் கேட்கப் போகிறேன். மீதி இருந்தால் உட்காரும் இடத்துக்கு மேல் கூரை. கொத்தனார் அண்ணே, மேசைப் பாத்திக்கு நான்கு கால் போட்டால் நாற்காலியின் முன் சக்கரம் இடிக்குமா? கால்களுக்கு இடையே எவ்வளவு விடுவது?

ஈப்போ_கொத்தனார்:

உள்ளுக்குள் 90 செ.மீ. விடுங்கள், இடிக்காது. முன்பக்கம் குறுக்குக் குழாய் வேண்டாம், பாதம் தட்டும். குறுக்குச் சட்டத்தைப் பின்பக்கம் மட்டும் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.