மார்க்கேசாஸ் தீவுகள்: போய் வந்த அனுபவம்

பசிபிக் கடலின் பாலினீசியா தீவுகள் என்றதும் எல்லோரும் போரா போரா தீவின் அமைதியான நீலக் கடல் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். மார்க்கேசாஸ் போகிறவர்கள் அதை மறந்துவிடுங்கள். பிரெஞ்சு பாலினீசியாவின் முக்கியத் தீவான தஹிட்டிக்கு வடகிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். சுற்றிலும் பவளப்பாறை அரண் கிடையாது. எரிமலைப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, அலை நேராக வந்து அறைகிறது. சரக்கும் பயணிகளும் சேர்ந்து போகும் அரனுயி கப்பலில் போனேன். இங்குள்ள தீவுகளில் ஒன்றான ஃபாத்து ஹிவாவில் விமான நிலையம் கிடையாது, கடல்வழிதான்.

அந்தத் தீவின் ஓமோவா ஊரில் பெண்கள் டாப்பா துணி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மரப்பட்டையின் உள்தோலை உரித்து, நனைத்து, சவுக்குக் கட்டையால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கையகலப் பட்டை கண்ணெதிரே முறம் அளவுக்கு விரிகிறது. காகித மல்பெரி என்றால் வெள்ளை, சீமைப்பலா என்றால் இளம்பழுப்பு, ஆலமர இனம் என்றால் கரும்பழுப்பு. எல்லாம் மரத்தின் சொந்த நிறம். காய்ந்தபின் அதில் வரைவது பழைய பச்சை குத்தும் உருவங்களை. மிஷனரிகளும் பிரெஞ்சு நிர்வாகமும் பச்சை குத்துவதைத் தடுத்துவிட்டார்கள். 1897-98இல் வந்த ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் ஃபோன் டென் ஷ்டைனன் பதிவு செய்து வைத்ததால்தான் பல உருவங்கள் இன்று திரும்பக் கிடைத்திருக்கின்றன.

இன்னொரு தீவான ஹிவா ஓவாவில் கூட்டம் முழுக்க பிரெஞ்சு ஓவியர் பால் கோகானின் கல்லறைக்குத்தான் ஓடுகிறது. என்னைக் கேட்டால், அதே தீவின் பூவாமாவுக்குப் போங்கள். அங்கே இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மேல் நிற்கும் தக்காயி கற்சிலைக்கு முன்னால் கல்லறையெல்லாம் சும்மா.

*

அக்கா, உங்கள் மார்க்கேசாஸ் பதிவைப் படித்தேன், அங்கே கடிக்கும் நோனோ பூச்சியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கொசுவைவிடச் சின்னது, கடித்தால் நாள்கணக்கில் அரிப்பு. சொறிந்தால் புண்தான். உள்ளூர்க்காரர்கள் மோனோய் என்ற வாசனைத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள், நானும் பூசினேன், ஓரளவு தப்பித்தேன்.

நான் போனது உவா ஹுக்காவுக்கு, பிஹிதி பார்க்க. நீலமும் வெள்ளையுமான குட்டிக் கிளி. மற்ற தீவுகளில் கப்பலோடு வந்த கருப்பு எலி முட்டை, குஞ்சுகளைத் தின்று தீர்த்தது. உவா ஹுக்காவில் அந்த எலி இல்லை, அதனால் கிளி பிழைத்திருக்கிறது. தென்னந்தோப்பில் கீச்சென்று சத்தம் கேட்டதுமே அண்ணாந்து பார்க்க வேண்டும், தாமதித்தால் பறந்துவிடும்.

2024 ஜூலையில் இந்தத் தீவுகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது நம் புது தில்லியில் நடந்த கூட்டத்தில்தான். இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அப்புறம், அங்கே நேரம் தஹிட்டியைவிட அரை மணி முன்னால். கடிகாரத்தை மாற்றாமல் விமானத்துக்குக் கிளம்பாதீர்கள்.