மேல் கடைவாய்ப் பல்: ரூட் கெனால் முடிந்தும் கடித்தால் வலி ஏன்?

கேள்வி (மாறன்_7):
மேல் தாடை வலப்பக்கம், முதல் பெரிய கடைவாய்ப் பல். ரூட் கெனால் செய்து கேப் போட்டு ஒரு வருடம் ஆகிறது. சூடு, குளிர்ச்சிக்குக் கூச்சம் இல்லை. அழுத்திக் கடித்தால் மட்டும் வலி. எக்ஸ்ரேயில் மூன்று வேர்களும் நிரம்பித்தான் தெரிகின்றன. பல்லை எடுத்துவிட வேண்டியதுதானா?

பதில் (வேர்நுனி):
எடுக்க அவசரப்படாதீர்கள். இந்தப் பல்லுக்கு வேர் மூன்று, ஆனால் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் நான்கு. கன்னப் பக்கம் இரண்டு வேர்கள், அண்ணப் பக்கம் ஒன்று. கன்னப் பக்கத்தின் முன்வேர் பட்டையானது. அதற்குள் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் ஒளிந்திருக்கும். முதல் கால்வாயிலிருந்து அண்ணத்தை நோக்கிச் சுமார் 2 மி.மீ. தள்ளி, சற்று முன்புறமாக அதன் வாய் இருக்கும். மேலே டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்லின் கடினமான பகுதி) படிந்து மூடியிருப்பதால் வெறும் கண்ணுக்கு எளிதில் தென்படாது. ரூட் கெனால் செய்த மேல் கடைவாய்ப் பல்லில் வலி நீடித்தால் இந்தக் கால்வாய் சுத்தம் செய்யப்படாமல் விடுபட்டிருக்குமோ என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கால்வாய்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் தெளிவில்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன். விடுபட்ட கால்வாய் உறுதியானால் கேப்பிலேயே துளையிட்டு, மைக்ராஸ்கோப் வைத்து, அல்ட்ராசோனிக் முனையால் டென்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தேட வேண்டும். கண்மண் தெரியாமல் ஆழம் போனால் வேர் பிரியும் இடத்தில் ஓட்டை விழுந்துவிடும்.

பதில் (ஈறுகாவலர்):
ஸ்கேனுக்கு முன் இரண்டு எளிய சோதனைகள். நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, கேப் உயரமாக இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பல்லைச் சுற்றி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் ஆழத்தை அளக்கட்டும். சுற்றிலும் 2, 3 மி.மீ. இருக்க, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குறுகலாக 7, 8 மி.மீ. இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம். பிளவு உறுதியானால் மறு ரூட் கெனால் பயன் தராது. அந்த வேரை மட்டுமோ முழுப் பல்லையோ எடுக்க வேண்டிவரும்.

கேள்வி (மாறன்_7):
நன்றி. குனிந்தால் அந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, மூக்கும் அடைக்கிறது. இதற்கும் பல்லுக்கும் தொடர்பு உண்டா?

பதில் (வேர்நுனி):
உண்டு, அதைச் சொன்னது நல்லது. இந்தப் பல்லின் வேர் நுனிக்கும் சைனஸ் அறைக்கும் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) நடுவே பலருக்கு மெல்லிய எலும்புத் தகடுதான். சாதாரண சைனஸ் அழற்சி என்றால் பக்கத்துப் பற்களும் சேர்ந்து வலிக்கும், தட்டினால் எல்லாமே உறைக்கும். வேர் நுனிச் சீழ் மேலே பரவியிருந்தால் இந்த ஒரு பல்தான் தனித்து நிற்கும். மூக்கின் ஒரே பக்கத்தில் துர்நாற்றத்தோடு சளி வரும். அப்படியானால் பல்லைக் கவனிக்காமல் சைனஸ் மருந்து மட்டும் சாப்பிடுவதில் குணம் நிலைக்காது. சிபிசிடி எடுக்கும்போது சைனஸின் அடித்தளமும் படத்தில் விழும்படி கேளுங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பதில் (ஈறுகாவலர்):
கடைசியில் எடுக்க நேர்ந்தால், சைனஸுக்கு வழி திறந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தவோ ஸ்ட்ராவால் உறிஞ்சவோ கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்முங்கள்.