அயர்லாந்தில் சாப்பாடு போடாத பப்புக்கு மட்டும் ஏன் இன்னும் பூட்டு?

மேற்குக்கரையான் (29 ஆகஸ்ட் 2020):
நேற்று அரசு சொல்லிவிட்டது. கொரோனாவால் மூடிய பப்களில் (மதுக்கூடங்களில்) சாப்பாடு போடாதவை, இங்கே பேச்சுவழக்கில் 'வெட் பப்', 31ஆம் தேதியும் திறக்காது. முதலில் ஜூலை 20 என்றார்கள், அப்புறம் ஆகஸ்ட் 10, அப்புறம் 31. இப்போது செப்டம்பர் 13 வரை பேச்சே கிடையாது. மார்ச் 15 அன்று சாத்திய கதவு, ஐந்தரை மாதமாகிறது.

கொரோனா பயம் எனக்கும் உண்டு. எனக்குக் கோபம், நடுவில் போட்ட கோட்டின் மேல்தான். ஜூன் 29 முதல், 9 யூரோவுக்குக் குறையாத சாப்பாடு வாங்கினால் பப்பில் உட்கார்ந்து குடிக்கலாம். எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு பப். ஒன்றில் பீட்சா அடுப்பு இருக்கிறது, சனிக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. எதிரே இருப்பதில் சமையலறை இல்லை, அதனால் பூட்டு. தட்டு வைத்த மேசையில் தொற்று எப்படிக் குறையும் என்று யாராவது விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கார்க் செவிலி:
நான் விளக்குகிறேன் அண்ணா. தட்டு கிருமியைத் தடுக்காது, உண்மைதான். ஆனால் சாப்பிட வந்தவர் மேசையை விட்டு எழுவதில்லை, முடித்ததும் கிளம்பிவிடுகிறார். மேசைக்கு மேசை ஒரு மீட்டர்தான் இடைவெளி என்றால் 105 நிமிடத்துக்கு மேல் இருக்கவும் முடியாது. குடிக்க மட்டும் வந்தவர் நாலாவது கிளாஸில் எழுந்துபோய்ப் பக்கத்து மேசைக்காரர் தோளில் கை போடுவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, குடி அப்படித்தான் செய்யும்.

மார்ச் 14 சனிக்கிழமை ராத்திரி டப்ளின் டெம்பிள் பாரில் கூட்டமாகப் பாடிய காணொளி நினைவிருக்கிறதா? மறுநாளே மூடச் சொன்னது அதைப் பார்த்துத்தான். ஏப்ரலில் என் வார்டில், வீட்டார் உள்ளே வர முடியாததால், ஒரு பெரியவர் காதருகே நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் மகள் 'அப்பா, கேட்கிறதா' என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என் கை மரத்துப் போனது, அவர் கண் திறக்கவில்லை. இந்த மாதம் 15ஆம் தேதி ஒரே நாளில் 200 பேருக்குத் தொற்று. மே தொடக்கத்துக்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. இப்போது பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எனக்குப் பள்ளிதான்.

தென்காசிக்காரன்:
நான் ஊரிலிருந்து எழுதுகிறேன். மே 7 அன்று டாஸ்மாக் திறந்தபோது நின்ற வரிசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம். உயிர் போகிற நேரத்தில் குடிக்கக் கடை இல்லை என்பதா பெரிய கவலை?

மேற்குக்கரையான்:
தம்பி, நான் குடிப்பவன் இல்லை. அங்கே நான் வாங்குவது ஒரு கிளாஸ் சிவப்பு லெமனேட். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பேன். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் பெயரைத் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டவர் அந்தக் கடைக்காரர்தான்.

டாஸ்மாக்கை வைத்து இதை அளக்காதே. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடிந்து எல்லோரும் வந்து நிற்பது அங்கே. சீட்டாட்டம், பிடில் வாசிப்பு, கன்றுக்குட்டி விலை, எல்லாம் அங்கே. எனக்குப் பக்கத்து ஸ்டூலில் எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி உட்காருவார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். இப்போது சாலையில் என்னைப் பார்த்தால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி அரைமணி நேரம் பேசுகிறார். பின்னால் டிராக்டர் வந்து நின்றாலும் வண்டியை எடுப்பதில்லை.

தென்காசிக்காரன்:
இது எனக்குத் தெரியாது அண்ணா. சொன்னதற்கு நன்றி.

லிமரிக் வாசி:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 7 அன்று கில்டேர், லீஷ், ஆஃபலி மூன்று மாவட்டங்களுக்கும் கட்டுப்பாடு வரக் காரணம் இறைச்சித் தொழிற்சாலைகளில் பரவிய தொற்று. எந்தப் பப்பும் காரணம் இல்லை. டப்ளினில் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் வாயில் மதுவை ஊற்றிய காணொளி நாடெங்கும் ஓடியதே, அதுவும் சாப்பாடு போடுகிற இடம்தான்! 18ஆம் தேதி கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். மறுநாளே கிளிஃப்டனில் நாடாளுமன்ற கோல்ஃப் சங்க விருந்தில் 80 பேருக்கு மேல். அந்த விருந்துக்குப் போன விவசாய அமைச்சர் டாரா காலரி பதவி விலகினார், அங்கே இருந்த ஐரோப்பிய ஆணையர் ஃபில் ஹோகனும் 26ஆம் தேதி விலகினார். இதையெல்லாம் பார்த்துவிட்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான்? நேற்று அறிவித்த உதவி 1.6 கோடி யூரோ. பப்புக்கும் பாருக்கும் நைட் கிளப்புக்கும் அதைப் பிரித்தால் ஒரு கடையின் சில்லறைக் கடனுக்குக்கூடப் போதாது.

கார்க் செவிலி:
விருந்துக்குப் போனவர்கள் மேல் எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் பப்பில் பரவவில்லை என்கிறீர்களே, பூட்டிய இடத்தில் எப்படிப் பரவும்? ஸ்காட்லாந்தில் திறந்தார்கள். அபர்தீன் நகரில் பார்களிலிருந்து தொற்று கிளம்பி, ஆகஸ்ட் 5 அன்று ஊரிலுள்ள அத்தனை மதுக்கூடங்களையும் மூட வேண்டியதாயிற்று. உதவித்தொகை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடச் சொன்னவர்கள்தான் ஈடு கட்ட வேண்டும். அதற்காகக் கத்துங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். திறப்பதற்காக வேண்டாம்.

மேற்குக்கரையான்:
அபர்தீன் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நேற்று சாயங்காலம் கடைக்காரரைப் பார்க்கப் போனேன். டேப் வைத்து அளந்து தரையில் கோடு ஒட்டியிருக்கிறார். பாதி ஸ்டூல் மாடியில். கவுன்டரில் யாரும் நிற்க முடியாது, மேசைக்கே கொண்டுவந்து தருவார், 32 பேர் இருந்த இடத்தில் 14 பேர். இதே விதிகளைப் போட்டு, அடுப்பு இருக்கிறதா என்று கேட்காமல், மீறுகிற கடையை மட்டும் மூடலாமே.

கார்க் செவிலி:
14 என்றால் யோசிக்கலாம். அங்கே ஜன்னல் திறக்குமா?

மேற்குக்கரையான்:
பார்க்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

மேற்குக்கரையான் (30 ஆகஸ்ட்):
கேட்டேன். தெருப்பக்கம் இரண்டு ஜன்னல். ஒன்று திறக்கிறது. மற்றது பெயின்ட் அடித்து அடித்துச் சட்டத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. நாளை உளி வைத்துச் சுரண்டப்போகிறார், நானும் போகிறேன்.