சாரம் சரிந்து கணவர் விழுந்தார். ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர்

பரளியாறு (திருவட்டார்) | 9 பிப்ரவரி 2025

என் கணவர் கொத்தனார். வயது 40. மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு கட்டடத்தில் வெளிச்சுவர் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கீழே இரண்டு கடை, மேலே வீடு. 2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழை, வேலை இல்லை. அன்று நல்ல வெயில். சாயா குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பலகையோடு கீழே வந்துவிட்டார். பதினான்கு அடி. கால் ஊன்றி விழுந்ததால் தலை தப்பியது. இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டன. முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் ஒரு கணு அமுங்கிவிட்டது.

கான்ட்ராக்டர்தான் தன் காரில் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் அங்கே என்ன சொன்னார் என்பது, வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. “வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்” என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீடு ஓட்டு வீடு. மாடிப்படியே கிடையாது.

மருத்துவமனைக்குக் கான்ட்ராக்டர் 82,000 ரூபாய் கட்டினார், மறுக்கவில்லை. டிசம்பரோடு நிறுத்திவிட்டார். போன வாரம் முத்திரைத்தாளோடு வீட்டுக்கு வந்தார். ஐம்பதாயிரம் தருகிறாராம், “இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்” என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தயங்கினேன். “சாரத்தைக் கட்டியதே உன் புருஷன்தான், கேஸ் போனால் அவன் மேல்தான் திரும்பும்” என்றார். முந்தின இரவு குடித்திருந்தார் என்றும் சொன்னார். என் கணவர் குடிப்பவர் அல்லர்.

கான்ட்ராக்டர் எங்கள் ஊர்க்காரர். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு முறை கடன் தந்தவர். அதனால் உறவினர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு விட்டுவிடு என்கிறார்கள். ஆனால் குத்துக்காலிட்டு உட்கார முடியாத, ஏணியில் இரண்டு படி ஏற முடியாத ஒருவர் இனி எப்படிக் கொத்தனார் வேலை பார்ப்பார்? நாட்கூலி வேலை, நியமனக் கடிதம் எதுவும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டோம். எங்களுக்குக் கேட்க உரிமை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டப்பலகை (வேர்க்கிளம்பி) | 9 பிப்ரவரி 2025

மக்களே, சட்டம் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். நான் முப்பத்திரண்டு வருடமாகக் கரண்டி பிடிப்பவன். “அவனே கட்டிய சாரம்” என்ற பேச்சைக் கேட்டதும் நெஞ்சு கொதித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என்ன கயிற்றால் கட்டினார் என்று கணவரிடம் கேளுங்கள். சகிரிக் கயிறு, அதாவது தேங்காய் நார்க் கயிறு என்றால் நடந்தது எனக்குப் புரிகிறது. மழையில் நனையும்போது அந்தக் கயிறு ஊதி இறுகும். கையால் ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். மறுநாள் வெயிலில் காயும்போது இளகிவிடும். பச்சைக் கம்பாக இருந்தால் கம்பும் காய்ந்து சிறுக்கும், கட்டுக்கு உள்ளே இடைவெளி விழும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆள் ஏறி, சாந்துச் சட்டியை வாங்கிப் பலகையில் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து பூசும்போதுதான் குறுக்குக் கம்பு நழுவும். மழைக்குப் பிறகு ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியை எந்தக் கான்ட்ராக்டரும் கணக்கில் சேர்ப்பதில்லை. “ஏறு, ஏறு, இரண்டு நாள் போச்சு” என்பார்கள். நானும் அப்படி ஏறியவன்தான்.

இன்னொன்று பலகை. இரண்டு நுனியும் கம்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத பலகையின் நுனி கம்பைத் தாண்டி நீண்டிருந்தால், அதில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும். பலகையோடு விழுந்தார் என்கிறீர்கள், அதையும் விசாரியுங்கள்.

நம் பக்கத்தில் நான் பார்த்த விபத்துகளில் பாதி இப்படிச் சாரத்தில் நடந்தவை. மீதி, செம்மண் மேட்டை நட்டுக்குத்தாக வெட்டி அடியில் அஸ்திவாரம் தோண்டும்போது மண் சரிவது, நீளக் கம்பியை மாடிக்குத் தூக்கும்போது மின்கம்பியில் படுவது, கான்கிரீட் வார்ப்பு அன்று அதைத் தாங்கும் முட்டு விலகுவது. ஐந்து அங்குல வார்ப்பில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ கனம் இறங்கும். ஆயிரம் சதுர அடி என்றால் 29 டன். அதைச் சேற்றில் ஊன்றிய முட்டின் மேல் நிறுத்துகிறோம். இவை எல்லாம் தெரிந்த ஆபத்துகள். விதி என்று சொல்லிக் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

கயிறும் கம்பும் வாங்கித் தந்தது யார்? மழைக்கு மறுநாள் ஏறச் சொன்னது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தக்கலை தன்னார்வலர் | 10 பிப்ரவரி 2025

அக்கா, கையெழுத்துப் போடாதீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல, சட்டப்பணித் தன்னார்வலராக இருக்கிறேன். இதுபோன்ற தாள்களோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்களுக்கான சட்டம், விபத்து நடந்த 2024-ல் நடப்பில் இருந்த 1923-ம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்றால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். யார் தவறு என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் கணவர் கட்டிய சாரம் என்பதாலோ, கவனக்குறைவாக இருந்தார் என்பதாலோ உரிமை போகாது. பாதுகாப்புக்கென்று தந்த சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார், தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், அல்லது போதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று காட்டினால் மட்டுமே தப்பிக்கலாம். அதை நிரூபிக்க வேண்டியவர் கான்ட்ராக்டர். முந்தின இரவு குடித்தார் என்று வாயால் சொன்னால் போதாது. முழு நிரந்தர முடக்கமோ மரணமோ என்றால் இந்தச் சாக்குகளும் செல்லாது.

நாட்கூலி என்ற கவலையை விடுங்கள். தற்காலிக வேலையாள்களில் ஒரு பகுதியினரை ஒதுக்கிவைத்த பழைய வரி 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் அங்கே நடக்கும் கட்டுமான வேலை, இந்தச் சட்டம் பொருந்தும் வேலைகளின் பட்டியலான இரண்டாம் அட்டவணையில் வருகிறது. வாரிய அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. வாரிய உதவி தனி, அதையும் விசாரியுங்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கணவரின் கூலி மாதம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தாலும் அந்த உச்சவரம்புதான் எடுக்கப்படும். 2020 ஜனவரியில் வந்த அந்த வரம்புதான் விபத்து நடந்த 2024-ல் நடைமுறையில் இருந்தது. முழு நிரந்தர முடக்கத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. நாற்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கல் காரணி 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் இழப்பு என்று முடிவானால் 6,63,012. இதற்குமேல் மருத்துவச் செலவு முழுவதும். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம்வரை அபராதம். இவற்றை ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.

அவர் கட்டிய 82,000 மருத்துவச் செலவு. அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. முத்திரைத்தாளும் அப்படித்தான். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்பது 17-ம் பிரிவு. ஆனாலும் போடாதீர்கள் என்கிறேன். “பணம் வாங்கிவிட்டார்கள்” என்று அதையே இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் முன்னால் நீட்டி மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

சதவீதம் பற்றி ஒரு விஷயம். மருத்துவர் எழுதும் உடல் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. 1975-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. வேலையில் விழுந்து இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு முழு இழப்பு என்றே நீதிமன்றம் ஏற்றது. உங்கள் கணவர் குத்துக்காலிட முடியாது, ஏணி ஏற முடியாது என்று எழுதினீர்களே, அந்த இரண்டு வரியும் மனுவில் அப்படியே வர வேண்டும்.

இனி, உங்களுக்கு உண்மையில் சிக்கலாக இருக்கும் அந்த மருத்துவமனைத் தாள். அது தவறு என்று மருத்துவமனைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வீட்டில் மாடிப்படி இல்லை என்பதற்குப் புகைப்படம் எடுத்து வையுங்கள். விபத்து நடந்த இடத்தின் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால், கணவர் படுக்கையில் இருந்தார், சிகிச்சை பார்ப்பதாகக் கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார் என்ற உண்மையைச் சொல்லுங்கள். ஊனச் சதவீத மதிப்பீட்டுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கே எப்படி விழுந்தார் என்பதைக் கணவரே தன் வாயால் சொல்லட்டும், வேறு யாரும் பேச விடாதீர்கள். கூலி வந்ததற்கு கூகுள் பே பதிவு, சம்பள நோட்டு, கான்ட்ராக்டர் அனுப்பிய குரல் செய்திகள், எதையும் அழிக்காதீர்கள். அவரே காரில் ஏற்றிப் போனார் என்பதால் விபத்து தனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

ஆணையரிடம் மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கு 2026 அக்டோபர்வரை. அவ்வளவு காத்திருக்க வேண்டாம், சாட்சிகள் கலைந்துவிடுவார்கள். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கட்டட உரிமையாளரைச் சேர்ப்பதா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். ஒருவர் தன் தொழிலுக்காகக் கொடுத்த வேலை என்றால்தான் 12-ம் பிரிவின்படி அவரும் பொறுப்பு. குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு அது கடினம். உங்கள் வழக்கில் கீழே கடைகள் இருக்கின்றன, அதனால் கேட்டுப் பார்க்கலாம்.

கொல்லங்கோட்டுத் தங்கை | 10 பிப்ரவரி 2025

என் அண்ணன் திருவனந்தபுரத்தில் வார்ப்பு வேலையில் முட்டு சரிந்து விழுந்தான். அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லி எங்களை எட்டு மாதம் அலைய விட்டார்கள். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு கொடுக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிருந்து கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காக எழுதுகிறேன். அக்கா, ஊர் என்ன சொல்லும் என்று எங்கள் அம்மாவும் அழுதாள். அண்ணனுக்கு மாத்திரை வாங்க ஊர் வரவில்லை.

பரளியாறு (திருவட்டார்) | 12 பிப்ரவரி 2025

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்த நாளிலிருந்து “நான்தானே கட்டினேன்” என்று சொல்லிச் சொல்லி மருகிக்கொண்டிருந்தவர். வேர்க்கிளம்பி அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். சகிரிக் கயிறுதான். கான்ட்ராக்டர் பழைய வேலையிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்தது. கட்டுகளைத் திரும்பக் கட்டலாம் என்று இவர் காலையிலேயே சொல்லியிருக்கிறார். “சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தப் பக்கத்தை முடி” என்று பதில் வந்திருக்கிறது. கையாளாக நின்ற ஒடிசாப் பையன் அதைக் கேட்டிருக்கிறான். இப்போது கோயம்புத்தூரில் வேலை செய்கிறான், எண் இருக்கிறது.

அன்றைக்கு அவரை வண்டியில் ஏற்றும்போது என் தம்பி அங்கே போயிருந்தான். அறுந்த கயிற்றில் ஒரு முழம் அவன் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறான். விறகுப் புரையில் தொங்குகிறது. அதனால் பயன் உண்டா?

மட்டப்பலகை (வேர்க்கிளம்பி) | 12 பிப்ரவரி 2025

உண்டு மக்களே. அங்கே புகையில் தொங்க விடாதீர்கள். அவிழ்க்காமல், கழுவாமல், ஒரு காகித உறையில் போட்டு, தம்பி எந்த நாள் எங்கிருந்து எடுத்தான் என்று மேலே எழுதி வையுங்கள். புகைப்படமும் எடுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. காவல் நிலையத்துக்குப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், காலை ஒன்பது மணிக்கு மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். அந்த ஒடிசாப் பையனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.